கடதாசி என்கிற மான்

திருக்கோணமலையில் மான்களைப் பார்க்கக்
காட்டுக்குப் போகத் தேவையில்லை.
பஸ் நிலையத்தில் நிற்கும்.
மீன் சந்தை வாசலில் படுக்கும்.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில்
நேரம் பார்ப்பது போலத் தலை தூக்கும்.

அதில் ஒன்றுக்குப் பெயர் கடதாசி.
நாங்கள் வைத்த பெயர்தான்.
இடது காது கொஞ்சம் கிழிந்திருக்கும்.

கடதாசி எதையும் விடாது.
வாழைப்பழத் தோல்:
நக்கு, மெல்லு, விழுங்கு.
விழாத லொத்தர்ச் சீட்டு:
நக்கு, மெல்லு, விழுங்கு.
தேர்தல் நோட்டீசில் சிரித்த மாமாவை
மீசை வரைக்கும் தின்றது,
பற்களை விட்டுவிட்டது.
என் ஒற்றைச் செருப்பு:
நக்கு, மெல்லு…
தூ!

துப்பினால் என்ன?
அடுத்த நிமிஷம்
பூசணித் துண்டு ஒன்றை மோந்துகொண்டு நின்றது.

எங்கள் வகுப்பு நிதுஷா
கடதாசிக்கு நேர் எதிர்.
காலையில் பாணும் சீனியும்.
இடைவேளைக்குச் சீனியும் பாணும்.
உவர்மலையிலிருந்து இறங்கி வர
மூன்று வழி இருந்தும்
ஒரே வழி, ஒரே பக்கம்,
ஒரே மதிலைத் தொட்டுத் தொட்டு வருவாள்.
கடலைப் பார்ப்பாள்.
தொடமாட்டாள்.

“பிடிக்காது.”
“செய்து பார்த்தனியா?”
“பிடிக்காது எண்டு தெரியும்.”

ஒரு புதன்கிழமை, இடைவேளை நேரம்,
பள்ளிக்கூடக் கேற் திறந்து கிடந்தது.
யார் வந்திருப்பார் என்று
நான் சொல்லவும் வேண்டுமா?

நிதுஷா தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பினாள்,
அவ்வளவுதான்.
பாண்: நக்கு, மெல்லு, விழுங்கு.
சீனி: நக்கு நக்கு நக்கு.
சுற்றி வந்த பேப்பரும் போச்சு.

நிதுஷா அழவில்லை.
அவளுடைய வயிறுதான் அழுதது.
கர்ர்ர்…

கவிஷன் தன் பெட்டியை நீட்டினான்.
சுறாப் புட்டு.
விரல் நுனியில் ஒரு துளி எடுத்தாள்,
கண்ணை மூடினாள்,
மூக்கையும் மூடினாள்.
எங்களுக்கு மூச்சே வரவில்லை.

பிடிக்கவில்லை.

உண்மையாகவே பிடிக்கவில்லை!
பிழிந்த தேசிக்காய் போல முகம் சுருங்கியது.
கவிஷனுக்குக் கொஞ்சம் கோபம்கூட.
ஆனால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்:
“இப்பதான் எனக்கு வடிவாத் தெரியும்.
முந்தி சும்மா சொன்னனான்.”

பிறகு சஃப்னாவின் வட்டிலப்பம்.
கரண்டி ஒன்று.
ஒரு சின்ன யோசனை.
கரண்டி இரண்டு.
கரண்டி மூன்று, நான்கு…
“சஃப்னா, மிச்சம் உனக்கு வேணுமே?”

பள்ளிக்கூடம் விட்டதும்
மதில் இல்லாத பக்கம் திரும்பினாள்.
டச்சுக்குடா வழி.
தொட்டுக்கொண்டு நடக்க அங்கே
காற்று மட்டும்தான் இருந்தது.
கையை நீட்டி
அதையே தொட்டுக்கொண்டு நடந்தாள்.

கவிஷன் ஓடிப்போய்த் தொப்பென்று விழுந்தான்.
நிதுஷா சப்பாத்தைக் கழற்றினாள்.
மேசைக் கழற்றினாள்.
மேசை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தாள்.
மடிப்புச் சரியில்லை, திரும்ப மடித்தாள்.
கடல் காத்துக்கொண்டிருந்தது,
அதற்கு வேறு வேலை இல்லை.

ஒரு பெருவிரல்.
அலை வந்தது!
வீரிட்டுக் கத்தியபடி
றோட்டு வரைக்கும் ஓடினாள்.
நாங்கள் சிரித்தோம்.
அவளும் சிரித்தாள்,
திரும்பி வந்தாள்,
குனிந்து இரண்டு கையையும் நனைத்தாள்.
“இண்டைக்கு இவ்வளவும் காணும்.”

பின்னால் ஏதோ மூச்சு விட்டது.
கிழிந்த காது.
ஈரக் கையை மோந்தது கடதாசி.
நக்கியது. நின்றது. யோசித்தது.
உப்பு!
நக்கு நக்கு நக்கு.

அடுத்த நாள் இடைவேளைக்கு
நிதுஷா இரண்டு பொதி கொண்டுவந்தாள்.
சீனிப் பாண் கடதாசிக்கு.
கட்டைச் சம்பல் பாண் தனக்கு.
ஒரு கடி கடித்தாள்,
கண்ணில் நீர், மூக்கில் நீர்,
காது இரண்டும் செம்பரத்தம்பூ.

“பிடிச்சிருக்கே?” என்று கேட்டோம்.

கையை உயர்த்தினாள்,
பொறுங்கோ என்பது போல.
இன்னொரு கடி கடித்தாள்.